தம்பியின் நான்கு ஸ்லைடுகள்

மார்ச் 4, செவ்வாய்

லேபில் சதையை மெழுகில் பதித்துச் சீவும் இயந்திரத்தின் பிளேடு இன்றும் சீவலில் கோடு போட்டது. புதுசு கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, வந்தபாடில்லை. கூட வேலை பார்க்கிறவள், நான் சில்வண்டு என்று பேர் வைத்திருக்கிறேனே அவள், "அக்கா, பிளேடுக்குப் பதிலா உங்க நாக்கை மாட்டிடலாமா? இழைச்சுத் தள்ளும்" என்றாள். நான் திருப்பிக் கொடுக்காததைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

தம்பிக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். பெருங்குடலில் கட்டி. கேமராக் குழாய் விட்டுப் பார்த்த சின்ன கிளினிக்கில், "இதுக்கு மேல குழாய் போக வழியில்ல" என்று ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுதான். அவனுக்கு நாற்பத்தொன்று முடியவில்லை. செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன், எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சுதான். "சார்ஜ் போடற ஓட்டையில தூசி அடைச்சா நான் கிளீன் பண்றதில்லையா? அதேதான்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவன் என் தம்பி என்று லேபில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவனிடமிருந்து வெட்டி எடுப்பதை என் கையில் தரமாட்டார்கள். மற்றவர்கள் அவசர அவசரமாக வேலை செய்வதை நான் பார்க்காததா? அவனுடையதை நான்தான் செய்வேன். என் கைக்கு இந்த லேபில் நிகர் கிடையாது. கர்வம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 7, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டர் ஊழியர் வெட்டி எடுத்த குடலை வாளியில் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். லேபில் நான் ஒருத்திதான்.

செய்ய வேண்டியது என்ன? வந்தவுடன் குடலைக் கத்தரியால் நீளவாக்கில் திறக்கணும். கழுவணும். பலகையில் விரித்துக் குத்தி ஃபார்மலினில் முழுசாக மூழ்க வைக்கணும். அப்போதுதான் மருந்து உள்ளே இறங்கும், சதை கெடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கத்தரியை எடுத்தேன். மூடியைத் திறந்து குடலைத் தொட்டேன். கையுறையைத் தாண்டி ஒரு இளஞ்சூடு. அவன் சூடு. சின்ன வயசில் ஜுரம் வந்தால் என் முதுகோடு ஒட்டிக்கொண்டு தூங்குவானே, அந்தச் சூடு.

முடியல. என்னால முடியல. ரெண்டு தடவை கத்தரியை வச்சேன், ரெண்டு தடவையும் கை வரல.

அப்படியே முழுசாக விட்டு மேலே ஃபார்மலினை ஊற்றி மூடிவிட்டேன். திங்கட்கிழமை டாக்டரம்மா வந்து திறக்கட்டும். நடுவில் சனி, ஞாயிறு. அதுக்குள்ள என்ன ஆகிடப்போகுது?

என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?

மார்ச் 8, சனி

கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "கடைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

மார்ச் 10, திங்கள்

டாக்டரம்மா வாளியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார். எங்கள் லேபில் ஸ்லைடு தயார் செய்வது நாங்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைப் படிப்பது அவர். பெரிய சத்தம் போடமாட்டார், அதுதான் பயம்.

"இதை ஏன் திறக்காம போட்டிருக்கு? உள்ள மருந்தே இறங்கலையே."

"தியேட்டர்லேர்ந்து லேட்டா வந்துச்சு டாக்டர்."

வாய் கூசாமல் வந்தது பொய். சில்வண்டு ஒரு மாதிரி பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. நிணநீர்க் கணுக்கள் எதிலும் பரவவில்லை. அப்பாடா என்று உட்காரும் முன்பே கீமோ டாக்டர் அடுத்ததைச் சொன்னார். குடலை அடைக்கிற அளவுக்கு வளர்ந்த கட்டி. திரும்பி வர வாய்ப்பு உண்டு. கீமோ கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். நாலு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

அந்தக் கீமோவில் விரல் நுனி மரத்துப்போகும். சிலருக்குச் சரியாகிவிடும். சிலருக்குக் கடைசிவரை சரியாகாது. தம்பி அதை மட்டும் இரண்டாம் முறை கேட்டான். பொடி ஸ்க்ரூவை விரலால் உணர்ந்து திருகுகிறவன் அவன்.

மார்ச் 19, புதன்

அவன் வீட்டில் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன்.

"செல்லு ஒவ்வொண்ணும் ரெண்டாப் பிரியறப்போ உள்ள இருக்கிற எழுத்தையெல்லாம் பார்த்து எழுதும்டா. அதுல தப்பு விழும். அந்தத் தப்பைத் தேடித் திருத்தறதுக்குன்னே நாலு புரதம் இருக்கு. உன் கட்டியில அது நாலும் இருக்கான்னு பார்க்கணும்."

"ஓ, மெக்கானிக்குங்க."

"ஆமா. சாயம் போட்டா புரதம் இருக்கிற செல்லு பழுப்பாத் தெரியும். இல்லாத செல்லு வெறும் நீலமா நிக்கும்."

"எனக்கு எது வரணும்?"

"உன் கட்டிக்கு நீலம். மெக்கானிக் இல்லாம இருந்தா உனக்கு நல்லது."

தம்பி மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இல்லாம இருக்கிறது எப்படி நல்லது? புரியற மாதிரி சொல்லுங்க."

திருத்த ஆள் இல்லாத கட்டி தப்பு மேல் தப்பாக எழுதி வைத்திருக்கும், அதனால் உடம்புக்கு அது வேற்றாள் என்று சட்டென்று தெரிந்துவிடும், காவல் செல்கள் போய்ச் சுற்றி வளைக்கும் என்றேன். இந்த நிலையில் இருக்கிற கட்டி அந்த ரகமாக இருந்தால் திரும்பி வருவது குறைவு, கீமோவால் பெரிய லாபமும் இல்லை. நாலும் இருந்தால் அந்த நிம்மதி கிடையாது, கீமோ பக்கம்தான் போகவேண்டியிருக்கும்.

"மெக்கானிக் வேலைக்கு வராதது கஸ்டமருக்கு நல்லதுன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றான் தம்பி. பிறகு யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து உரசிக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

நானே வெட்டினேன். நானே சாயம் போட்டேன். படிப்பது என் வேலை இல்லை, தெரியும். ஆனாலும் டாக்டரம்மா மீட்டிங்கில் இருந்த நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

கட்டி முழுக்க நீலம். ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. அடுத்த ஸ்லைடும் நீலம். அதற்கடுத்ததும். படிக்கட்டுக்கு ஓடிப்போய் போன் போட்டேன்.

"கீமோ வேணாம்டா. நீலம்டா, எல்லாம் நீலம்!"

"உறுதியாக்கா?"

"என் கண்ணால பார்த்தேன்டா."

அந்தப் பக்கம் அழுதான்.

மார்ச் 22, சனி

தம்பி கொஞ்ச நேரம் கடையைத் திறந்து உட்கார்ந்தானாம். அவன் மனைவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன். "அம்மா, அக்கம்பக்கத்துல புகார் பண்ணிடுவாங்க" என்கிறாள் மகள்.

மார்ச் 24, திங்கள்

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா கூப்பிட்டார். இரண்டு பேர் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் எதிரே உட்காரச் சொன்னார்.

"கட்டி நீலம். சரி. பக்கத்துல இருக்கிற நல்ல செல்லைப் பாருங்க. அது என்ன நிறம்?"

நீலம்.

நல்ல செல்லில் அந்தப் புரதம் எப்போதும் இருக்கும், அது பழுப்பாகித்தான் ஆகணும். அது ஆகவில்லை என்றால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு கட்டியில் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இல்லாமல் போகும், நாலும் ஒட்டுமொத்தமாக நீலமாக நிற்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இது. வெள்ளிக்கிழமை என் கண் கட்டியை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரவே இல்லை. வேணும்னது தெரிஞ்சதும் போதும்னு எழுந்து ஓடினேன். கழுதை.

"சாயத்துல குறை இல்ல. கூடவே போட்ட வேற ஆளோட ஸ்லைடு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். "சதைதான் கெட்டிருக்கு. இது அந்தத் திறக்காத குடல்தானே?"

இதற்கு மேல் என்ன பொய் சொல்ல?

"லேட்டா வரல டாக்டர். நேரத்துக்குத்தான் வந்துச்சு. என்னாலதான் திறக்க முடியல. அவன் என் தம்பி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து திறந்திருப்பேன். அன்னைக்கு வீட்டுல சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

அந்தக் குடலைப் பதித்ததில் மீதி இருந்த மெழுகுக் கட்டைகளையும் எடுத்துச் சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். இந்த முறை சில்வண்டு.

மார்ச் 25, செவ்வாய்

மற்ற கட்டைகளும் உதவாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய பழுப்பு. எதையும் நம்ப முடியாது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். குனிந்து ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

"உறுதியான்னு கேட்டேனாக்கா, இல்லையா?"

"கேட்டடா."

"கண்ணால பார்த்தேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"இப்ப அந்தக் குடலும் போச்சு. என் உடம்புலேர்ந்து எடுத்துக் கொடுத்தது. திரும்ப வாங்க முடியுமா? சொல்லு, வேற குடல் இருக்கா எனக்கு?"

கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"முடியலைன்னா முடியலன்னு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே. எல்லாத்தையும் நீயே செய்யணும் உனக்கு. அப்பா போனதுலேர்ந்து அப்படித்தான். போ. இப்ப இங்க நிக்காத."

வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

மார்ச் 27, வியாழன்

நான் மறந்தே போனதை டாக்டரம்மா நினைவுபடுத்தினார். ஆபரேஷனுக்கு முன் சின்ன கிளினிக்கில் கிள்ளி எடுத்த துணுக்கு! அப்படி எடுப்பதை எடுத்த கையோடு ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள், கெட்டிருக்க வாய்ப்பில்லை. என் மூளை எங்கே போயிருந்தது? தன்னைத் திட்டிக்கொள்வதில் மும்முரமாக இருந்தது.

அதைக் கிளினிக்கிலிருந்து வாங்கத் தம்பி கையெழுத்து வேண்டும். அவன் மனைவி வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிளினிக்கில் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஏற்கெனவே பலமுறை வெட்டிய கட்டை. மெழுகுக்குள் மிச்சம் இருப்பது கடுகளவு. நாலு சீவல் கிடைத்தால் பெரிசு. அதற்குள் நல்ல செல்லும் கொஞ்சம் இருக்கணும். இதுவும் போனால் வேறு கிடையாது.

கட்டையை டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். "நான் வெட்டல டாக்டர்" என்றேன். "நானும் உங்களை வெட்டச் சொல்றதா இல்ல" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

புது பிளேடு வந்துவிட்டது. டாக்டரம்மா நேரில் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தாராம்.

சில்வண்டு வெட்டினாள். நான் வெளியே பெஞ்சில். கதவில் சின்னக் கண்ணாடி. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. அவள் இப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. முதல் சீவல் சுருண்டு போனது. என் உயிரும் கூடவே சுருண்டது. எழுந்து உள்ளே போய் அவள் கையிலிருந்து பிடுங்கிவிடலாம் என்று கால் துடித்தது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்தவள், "நாலு கிடைச்சிடுச்சு அக்கா. அஞ்சாவதுக்குக் கட்டையில ஒண்ணுமில்ல" என்றாள். அப்புறம் எரிந்து விழுந்தாள்: "தம்பின்னு என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் என்ன ஊருக்கே மைக் போட்டா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருப்பாள். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பியிடமிருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

"முதல்ல கட்டியைப் பார்க்காதீங்க. நல்ல செல்லைப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

பார்த்தேன். பழுப்பு. நல்ல, அழுத்தமான பழுப்பு. இந்த நிறத்தை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்தது.

"இப்ப கட்டியைப் பாருங்க."

இரண்டு ஸ்லைடில் கட்டியும் பழுப்பு. மற்ற இரண்டில் கட்டி வெறும் நீலம், ஒட்டி நிற்கிற நல்ல செல் எல்லாம் பழுப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாலில் இரண்டு புரதம் இல்லை. இரண்டு இல்லாவிட்டாலே போதும், தம்பிக்கு வேண்டியது அதுதான்.

எழுந்துவிட்டேன். போன் கையில் இருந்தது. திரும்ப உட்கார்ந்து போனைப் பைக்குள் போட்டேன்.

"கீமோ டாக்டரே கூப்பிட்டுச் சொல்லுவார்" என்றார் அவர். ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கினார். பிறகு, "உங்க அப்பா எதுல போனார்?" என்று கேட்டார்.

"வயித்துல ஏதோ கட்டின்னு... நாங்க ரெண்டு பேரும் அப்ப சின்னப் பசங்க." சொல்லும்போதே பெரிய அத்தை நினைவுக்கு வந்தாள். அப்பாவின் அக்கா. கர்ப்பப்பையில் புற்று.

இந்த இரண்டு புரதமும் சேர்ந்து இல்லாமல் போனால் பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. குடும்ப ரத்தத்தில் ஓடுவது, குடலிலும் கர்ப்பப்பையிலும் புற்றைக் கொண்டுவருவது. இதுவும் எனக்குத் தெரியாத விஷயமா? நீலம் வரணும், நீலம் வரணும்னு அவனுக்காகத் தவம் கிடந்தேனே, அந்த ரத்தம்தானே எனக்கும்? ஒரு தடவைகூட என்னை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. மகளையும்.

சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். "கீமோ வேணாமாம். டாக்டர் கூப்பிட்டார்." அப்புறம், "நீ ஏன் சொல்லல?"

"சொல்றது என் வேலை இல்லடா."

"அடேங்கப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் பழைய தம்பி இருந்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

அந்தப் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்க்க அவனுக்கு ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு இருந்தால் அடுத்து எனக்கு. எங்கள் லேபில் புது உத்தரவு ஒட்டியிருக்கிறது: சொந்தக்காரர்களின் சதை, ரத்தம் எதையும் யாரும் கையாளக்கூடாது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் பேர் அதில் இல்லை. எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அது நியாயம்தான்.

மே 23, வெள்ளி

அவனுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

தம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். "எனக்கு நல்லது வரணும்னு நீ வேண்டினது உன் தலையில விழுந்துடுச்சேக்கா" என்று தேம்பினான். "போடா லூசு, இது நான் பொறக்கறப்பவே வந்தது. நீதான் எனக்கப்புறம் பொறந்தவன், வரிசையில நில்லு" என்றேன். அழுகையோடு சிரித்தான். பயம் இல்லை என்று எழுதினால் பொய். நிறைய இருக்கிறது.

மகள் கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "எனக்கும் பார்த்துடலாம்மா. ஆனா முதல்ல உனக்குக் குழாய் விட்டுப் பார்க்கட்டும்" என்றாள். அந்தக் குரல் யாருடையது? அச்சு அசல் நான்.

ஜூன் 12, வியாழன்

இன்று எனக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நேற்று முழுக்க வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடித்து நாய் படாத பாடு. தம்பிதான் கூட வந்தான்.

மயக்கம் தெளிந்து வெளியே வந்தபோது காத்திருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஒருவருடைய போனைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவர் பதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பொடி ஸ்க்ரூ தரையில் விழுந்தது. எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. தம்பி குனியாமல் காலருகே கையை மட்டும் விட்டுத் தடவி எடுத்து, விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, அதன் இடத்தில் வைத்துத் திருகினான். பேசிக்கொண்டேதான் செய்தான். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள சதை முளை ஒண்ணு இருந்துச்சாம். எடுத்துட்டாங்களாம். பார்க்க சாதுவாத்தான் இருக்காம்" என்றான் என்னிடம். "லேபுக்கு அனுப்பியாச்சு."

லேபுக்கு. எடுத்தவர்கள் பாட்டிலில் ஃபார்மலின் போதுமான அளவு ஊற்றினார்களா? மூடி இறுக்கமாக இருக்குமா? போனை எடுத்து சில்வண்டுக்கு அடித்தேன். நாக்கு இன்னும் குழறியது.

"வந்துச்சா?"

"வந்துடுச்சு அக்கா. நான்தான் வாங்கினேன்."

"முழுசா மூழ்கியிருக்கா?"

"மூழ்கியிருக்கு."

"வெட்டறப்போ பிளேடு..."

"அக்கா. இன்னைக்கு நீங்க பேஷண்ட். போனை வைங்க."

தம்பி என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். போனை வைத்தேன்.